பழைய ரிவோல்வர் ஒன்றுக்கு என்ன விலை?

ஒரு பழைய சாமானுக்குச் சொல்கிற விலை நியாயமா இல்லையா என்று பார்க்க எங்கட ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. புதுக்கடை நீதிமன்றத்தடியிலிருந்து பஞ்சிகாவத்தை நடந்து போகிற தூரம்தான். அங்கே பழைய கியர் பொக்ஸ் ஒன்று வாங்கப் போகிறவர் நாலு விஷயம் பார்ப்பார். எவ்வளவு தேய்ந்திருக்கிறது? எங்கேயிருந்து வந்தது? விற்கிறவர் ஏன் விற்கிறார்? நாளைக்கு வேண்டாம் என்றால் திருப்பி விற்கலாமா? இந்த நாலுக்கும் ஓரளவு பதில் கிடைத்த பிறகுதான் பேரமே தொடங்கும்.

அதே நாலு கேள்வியையும் ஒரு பழைய ரிவோல்வரிடம் கேட்டுப் பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை. எனக்குத் துவக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் 2025க்குப் பிறகு கொழும்பில் இந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்கட சொந்தக்காரர், எங்கட தெருக் கடைக்காரர்.

ஏன் இப்ப இந்தக் கதை

2025 பெப்ரவரி 19ஆம் திகதி காலை புதுக்கடை 5ஆம் இலக்க நீதவான் நீதிமன்றத்துக்குள் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். பூசா சிறைச்சாலையிலிருந்து காவலோடு வழக்குக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். சுட்டவர் சட்டத்தரணி மாதிரி உடுத்தி வந்திருந்தார். ஒரு சட்டப் புத்தகத்தின் பக்கங்களை வெட்டிக் குடைந்து, அந்தப் பள்ளத்துக்குள் வைத்துத்தான் துவக்கு உள்ளே வந்தது என்று பொலிஸ் சொன்னது. அது ஒரு ரிவோல்வர். சுட்டு முடிந்ததும் அது அங்கேயே கைவிடப்பட்டது. சுட்டவர் என்று சந்தேகிக்கப்பட்டவர் அன்றைக்கே புத்தளம் பாலாவிப் பக்கம் பிடிபட்டார்.

ரெண்டு நாள் கழித்து, 21ஆம் திகதி இரவு, கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காகக் கைதான இரண்டு பேரும் அடுத்த நாளே பொலிஸ் சுட்டதில் செத்துப்போனார்கள். ஒளித்து வைத்த ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப்போன இடத்தில் அவர்கள் தாக்க முயன்றதாகப் பொலிஸ் காரணம் சொன்னது. ஒரே கிழமையில், ஒன்றரை இரண்டு கிலோமீற்றர் வட்டத்துக்குள் இவ்வளவும் நடந்தது.

நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை பழகுகிறேன். அதனால் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாருக்கும் நான் இலவச சட்ட ஆலோசகர். அந்தக் கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன் என்னைக் கேட்டார்: "தம்பி, நீ கோர்ட்டுப் பக்கம்தானே திரியுற. ஒண்ணு வாங்கி வச்சா என்ன? பழசுதான், ஆனா நல்ல கண்டிஷன்ல இருக்குதாம்." அவருக்கு யாரோ ஒரு ரிவோல்வருக்கு விலை சொல்லியிருந்தார்கள். அந்த விலை அவருடைய கடையின் ரெண்டு மாச வாடகைக்குக் கிட்ட வந்தது.

அவர் சண்டியன் இல்லை. காலையில் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டுக் கடையைத் திறக்கிற மனுஷன். அவருக்கு ரெண்டு தரம் கப்பம் கேட்டு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து கோல் வந்திருக்கிறது. "பயப்படாதீங்கண்ணே" என்று சொல்வது அவருக்குப் பதில் ஆகாது. பயப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது. அதனால் அவர் கேட்ட கேள்வியை வியாபாரக் கேள்வியாகவே எடுத்து, அந்த விலை பெறுமா என்று பார்ப்போம்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

துவக்கை வெளிப்படையாக வாங்கி விற்கிற நாடுகளில், பழைய ரிவோல்வர் ஒன்றைக் கையில் எடுத்ததும் பார்க்கிற விஷயங்கள் இருக்கின்றன. தோட்டா போடுகிற உருளை ஆடுகிறதா? விசையை இழுக்கும்போது உருளையின் துளை குழாயோடு சரியாக நேர்கோட்டில் வந்து பூட்டுகிறதா? உருளைக்கும் குழாய்க்கும் இடையில் வெளி கூடிவிட்டதா? குழாயின் உள்ளே துரு அரித்திருக்கிறதா? எல்லாப் பாகத்திலும் ஒரே தொடர் இலக்கம் இருக்கிறதா? ஒன்று பிழைத்தாலும் விலை இறங்கும். நேர்கோடு தவறிய ரிவோல்வர் சுடுகிறவரின் முகத்துக்கே ஈயத்தைச் சிதறும்.

இது எல்லாம் பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டி, பொதுவில் சுட்டுப் பார்த்து வாங்கக்கூடிய இடத்துக்குப் பொருந்தும். ஒரு ஓட்டோவுக்குள் துணியில் சுற்றித் தருவதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? எங்கே சுட்டுப் பார்ப்பது? தோட்டா எத்தனை வருஷப் பழசு, அது வெடிக்குமா வெடிக்காதா என்று யார் சொல்வது? "நல்ல கண்டிஷன்" என்பது விற்கிறவரின் வாய்வார்த்தை மட்டும்தான்.

சரி, உண்மையிலேயே நல்ல நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிவோல்வர் இலேசில் சாகாத இயந்திரம். பழைய போன் நாலைந்து வருஷத்தில் செத்துவிடும். ரிவோல்வர் மூன்று தலைமுறைக்கு ஓடும். 1959 செப்டம்பர் 25ஆம் திகதி ரொஸ்மீட் பிளேசில் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டது ஒரு .45 வெப்லி மார்க் 6. பிரித்தானியப் படை 1915இல் எடுத்துக்கொண்ட வடிவம் அது. முதலாம் உலக யுத்தத்துக்கென்று வந்த ஒரு மாதிரி, நாற்பது வருஷம் கழித்து கொழும்பு 7இல் ஒரு வீட்டு விறாந்தையில் வேலை செய்தது. ஆகவே தேய்மானம் பற்றிய கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தாலும் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. நீண்ட காலம் உழைக்கிற சாமானுக்கு நீண்ட கடந்தகாலமும் இருக்கும்.

எங்கேயிருந்து வந்தது?

பழைய துவக்கின் கடந்தகாலத்துக்குக் காசு கொடுக்கிற ஒரு உலகம் இருக்கிறது. 1873 ஜூலை 10ஆம் திகதி பிரசல்ஸ் நகரத்தில் கவிஞர் வெர்லேன் 23 பிராங்க் கொடுத்து ஒரு 7 மி.மீ. ரிவோல்வர் வாங்கினார். அன்றைக்கே அதால் தன் காதலரான கவிஞர் ராம்போவைச் சுட்டார். ஒரு குண்டு மணிக்கட்டில் பட்டது. வெர்லேனுக்கு இரண்டு வருஷ மறியல். அந்த ரிவோல்வர் 2016இல் பாரிசில் ஏலத்துக்கு வந்தபோது 50,000, 60,000 யூரோ போகும் என்று எதிர்பார்த்தார்கள். 434,500 யூரோவுக்குப் போனது. வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டது என்று நம்பப்படுகிற, வயலில் கிடந்து துருப்பிடித்துப் பாதி கரைந்துபோன ரிவோல்வர் 2019இல் 162,500 யூரோ. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரிப் பாட் காரெட் சுட்ட கோல்ட் ரிவோல்வர் 2021இல் 60 இலட்சம் டொலருக்கு மேல் போனது.

இதில் வான்கோவின் ரிவோல்வரால் இனிச் சுடவே ஏலாது. தேய்மானம் என்று பார்த்தால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய சாமான். வாங்கினவர்கள் காசு கொடுத்தது அதன் கதைக்கு. அந்தக் கதை வெளியே தெரியும், எழுதப்பட்டிருக்கிறது, சம்பந்தப்பட்ட எல்லாரும் செத்து நூறு வருஷத்துக்கு மேல். அதனால் கதை விலையை ஏற்றுகிறது.

எங்கட அண்ணனுக்குச் சொன்ன ரிவோல்வருக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைத்தான் யாரும் சொல்லப்போவதில்லை. அது விலையை இறக்குகிற கதை.

ஏன் என்று விளங்க, குண்டு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பார்க்க வேணும். ரிவோல்வர் குழாயின் உள்பக்கத்தில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போவதற்கு அது. அந்தப் பள்ளங்களும், குழாய் வெட்டின கருவி விட்ட நுண்ணிய கீறல்களும், பிறகு பாவிக்கப் பாவிக்கச் சேர்ந்த தழும்புகளும் குண்டின் உடம்பில் பதியும். உடம்பிலிருந்து எடுத்த குண்டையும், பிடிபட்ட துவக்கால் சுட்டுப் பார்த்த குண்டையும் ஒரே உருப்பெருக்கியின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். எங்கட நாட்டில் இந்த வேலை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். ரிவோல்வர் வெறும் கோதுகளை வெளியே தள்ளாது, உருளைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால் சம்பவ இடத்தில் சான்று குறையும். ஆனால் குண்டு இருக்கும். குண்டு எந்தக் குழாயால் வந்தது என்பதற்கு அதில் அடையாளமும் இருக்கும்.

நீங்கள் களவெடுத்த போன் ஒன்றைத் தெரியாமல் வாங்கினால், போனும் போகும், ஒரு வாக்குமூலமும் கொடுக்க வேண்டி வரும். கொலை செய்த ரிவோல்வரைத் தெரியாமல் வாங்கினால், அது உங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து எடுக்கப்படும் நாளில் அந்தக் கொலைக்குப் பொலிஸ் தேடுகிற ஆளின் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். "நான் வாங்க முதல் நடந்தது" என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கும்? பில் இருக்காது. விற்றவரின் பெயர்கூட உண்மையானதாக இருக்காது.

சட்டத்தைப் பார்ப்போம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ரிவோல்வருக்கு அனுமதி பாதுகாப்பு அமைச்சிலிருந்து வர வேணும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேணும். அனுமதி ஆளுக்கும் அந்தக் குறிப்பிட்ட துவக்குக்கும் சேர்த்துத்தான். ஆகவே "முதல்ல வாங்கி வைப்பம், பிறகு ஆரையும் பிடிச்சு லைசன்ஸ் எடுப்பம்" என்ற கதை நடக்காது. மூலம் சொல்ல முடியாத துவக்குக்குப் பேப்பர் செய்ய வழியில்லை.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்ல வேணும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகம் என்று வந்து, 1982இல் நிரந்தரமாகிப்போனது. பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் சுடுகலன் வைத்திருப்பதையும் அது குற்றமாக்குகிறது. சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியம் ஆகாது. இந்தச் சட்டத்தின் கீழே உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் அது சாட்சியம். அந்தச் சட்டத்தை மாற்றுவோம் என்று எத்தனை அரசாங்கம் சொல்லியிருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரே ரிவோல்வர் ரெண்டு பேரின் வீட்டில் அகப்பட்டால், அடையாள அட்டையில் இருக்கிற பெயரைப் பார்த்துக் கேள்விகள் எப்படி மாறும் என்று இந்த நகரத்தில் வளர்ந்த தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. கப்பத்துக்குப் பயந்து வாங்கினேன் என்று நீங்கள் சொல்வீர்கள். அதை எழுதிக்கொள்கிறவர் வேறொன்றை எழுதலாம்.

விற்கிறவர் ஏன் விற்கிறார்?

ஜோர்ஜ் அகர்லொப் என்ற பொருளியலாளர் 1970இல் பழைய கார்ச் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆராய்ச்சியும் காரணம். அவர் சொன்னது எங்கட கடைக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் நல்ல கார் வைத்திருக்கிறவர் சந்தை விலைக்கு விற்க விரும்பமாட்டார். சந்தையில் மிஞ்சுவது பழுதான கார்.

இதை ரிவோல்வருக்குப் போட்டுப் பாருங்கள். புதுக்கடையில் சுட்டவர் என்ன செய்தார்? துவக்கை அங்கேயே விட்டுப் போனார். சுட்ட அடுத்த நிமிஷம் அது அவருக்கு ஒரு சதமும் பெறாத சாமான், கையில் வைத்திருந்தால் தூக்குக் கயிறு. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பாவித்த ரிவோல்வரின் உண்மையான விலை அதுதான். அவர்களே கைகழுவ நினைக்கிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஆள் யார்? அதன் கதை தெரியாத, பயந்துபோன, ரெண்டு மாச வாடகை கையில் இருக்கிற ஒரு கடைக்காரர்.

சட்டப்படி ரிவோல்வர் வைத்திருக்கிறவர் அதை ஓட்டோவுக்குள் வைத்து விற்கமாட்டார். 2024இல் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்காக அனுமதி கொடுத்த துவக்குகளை மீளாய்வு செய்ய வேணும், நவம்பர் 7க்கு முதல் வெலிசரவில் கடற்படைப் பொறுப்பிலுள்ள களஞ்சியத்தில் ஒப்படையுங்கள் என்று அறிவித்தது. அனுமதியோடு இருந்த துவக்கையே திருப்பிக் கேட்ட காலம் இது. அப்படியான நேரத்தில் வெளியே விலைபேசப்படுகிற ஒன்று எங்கிருந்து வந்திருக்கும்?

பழைய ரிவோல்வருக்குச் சொன்ன விலை பற்றிப் பேசும்போது எங்கட சரித்திரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பலருக்குத் தெரிந்த கணக்கு. பிரபாகரன் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னது. இளவயதில், அவரும் கூட்டாளிகளும் ஏழு பேர். பக்கத்து ஊர்ச் சண்டியர் ஒருவர் ரிவோல்வர் ஒன்றை 150 ரூபாவுக்கு விற்கிறார் என்று கேள்விப்படுகிறார்கள். கிழமைக்கு ஆளுக்கு 25 சதம் சேர்க்கிறார்கள். 40 ரூபா சேர்கிறது. ஒரு மோதிரத்தை விற்றதில் 70 ரூபா. மொத்தம் 110. விலைக்கு 40 ரூபா குறைவு.

அந்தப் பொடியன்களை அந்தக் கணக்குப் போட வைத்த நாட்டைப் பற்றிப் பேசாமல் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு ஏலாது. 1956, 1958, தரப்படுத்தல் எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. பிறகு நடந்ததெல்லாவற்றையும் ஒரு ரிவோல்வரின் தலையில் கட்டவும் ஏலாது. நான் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. அந்தச் சண்டியர் ஏன் விற்றார்? அவருக்கு அந்தத் துவக்கால் என்ன பிரச்சினை வந்திருந்தது? 25 சதம் 25 சதமாகச் சேர்த்த ஏழு பேருக்கும் விலைதான் பெரிய மலையாகத் தெரிந்தது. விலையைத் தாண்டினால் எல்லாம் சரி என்று அந்த வயதில் தோன்றும். நாற்பது வயதில் கடை வைத்திருக்கிறவருக்கும் பயம் வந்தால் அதே மாதிரித்தான் தோன்றும்.

திருப்பி விற்கலாமா?

பழைய மோட்டார் சைக்கிள் பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் தள்ளிவிடலாம். ரிவோல்வரைத் தள்ளிவிடப் போனால் நீங்களும் ஆயுத வியாபாரி. கடலில் எறியலாம் என்று சொல்வது லேசு, கொண்டுபோகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி போதும். அரசாங்கம் எப்போதாவது பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கும். 2019 பெப்ரவரியில் அப்படி ஒரு கிழமை இருந்தது. அடுத்தது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்க வேண்டியதுதான்.

அந்த "வீட்டில் வைத்திருப்பது" என்பதுதான் எனக்குப் பெரிய பயம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கட வீடுகள் எப்படிப்பட்டவை? ரெண்டு அறைக்குள் ஆறு பேர். பிள்ளைகளுக்குத் தெரியாத அலுமாரி கிடையாது. குடித்துவிட்டு வருகிற சித்தப்பா, பரீட்சை பிழைத்துப்போன தம்பி, கடன் கழுத்தை நெரிக்கிற அப்பா எல்லாரும் அதே கூரையின் கீழே.

1993இல் அமெரிக்காவில் மூன்று மாவட்டங்களில் வீட்டில் நடந்த கொலைகளை ஆராய்ந்த ஒரு மருத்துவ ஆய்வு, துவக்கு வைத்திருந்த வீட்டில் கொலை நடக்கிற ஆபத்து 2.7 மடங்கு என்று கண்டது. கொன்றவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தவர் அல்லது தெரிந்தவர். ஆபத்தில் இருக்கிறவர்கள்தான் துவக்கு வாங்குகிறார்கள், அதனால் அந்தக் கணக்கை அப்படியே எடுக்க ஏலாது என்று எதிர்வாதம் செய்தவர்களும் உண்டு. சரி, அமெரிக்காவை விடுவோம். எங்கட நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. மிக நச்சான கிருமிநாசினிகளை 1995இலும் 1998இலும் தடை செய்தார்கள். 2005 அளவில் அந்த வீதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அந்தப் பத்து வருஷத்தில் யுத்தம் முடியவில்லை, வறுமை ஒழியவில்லை, மனிதரின் துக்கமும் பாதியாகவில்லை. ஆத்திரமும் விரக்தியும் வந்த அந்தப் பத்து நிமிஷத்தில் கைக்கு எட்டின சாமான் கொஞ்சம் நச்சுக் குறைந்ததாக இருந்தது. ரிவோல்வர் அந்தப் பத்து நிமிஷத்தைத் தராது.

அப்ப நாங்க சாகிறதா?

அண்ணன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டது இதுதான்: "கோர்ட்டுக்குள்ளயே காப்பாத்த ஏலாத ஆட்கள் என்னைக் காப்பாத்துவாங்களா தம்பி?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நாலு கேள்வியோடு கட்டுரையை முடித்தால் அது ஏமாற்று.

முதலில் ரிவோல்வர் காப்பாற்றுமா என்று பார்ப்போம். புதுக்கடையில் செத்தவர் தனியாக நிற்கவில்லை. காவலோடு கொண்டுவரப்பட்டவர், நீதவான் முன்னிலையில், பொலிஸ் நிற்கிற கட்டடத்துக்குள் இருந்தார். பண்டாரநாயக்கவின் வாசலில் காவலர் நின்றார். அந்தக் காவலர் சுட்டதில் சோமாராம தேரர் காயப்பட்டார். ஆனால் பிரதமர் அதற்கு முதலே குண்டு வாங்கிவிட்டார், அடுத்த நாள் இறந்துபோனார். சுட வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் தானே தெரிவு செய்கிறான். மோட்டார் சைக்கிளில் வந்து சில செக்கனில் சுட்டுவிட்டுப் போகிறவனுக்கு முன்னால், கல்லாப்பெட்டிக்குக் கீழே துணியில் சுற்றி வைத்த ரிவோல்வர் என்ன செய்யும்? பயிற்சி இல்லாதவரின் கையில் அது பெரும்பாலும் துணிக்குள்ளேயே இருக்கும். அல்லது கடையில் நிற்கிற இன்னொருவர் மேல் படும்.

பண்டாரநாயக்க வழக்கு 1961இல் புதுக்கடையில்தான் விசாரிக்கப்பட்டது. அந்தத் துவக்கு எப்படி அந்தக் கைக்குப் போனது என்பது அங்கே பெரிய கேள்வியாக இருந்தது. ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். அறுபது வருஷம் கழித்து 2025இலும் புதுக்கடையில் கேட்கப்பட்டது கிட்டத்தட்ட அதே கேள்வி: துவக்கு எப்படி உள்ளே வந்தது? இந்தக் கேள்வி அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது. யுத்தம் முடிந்து பதினாறு வருஷத்துக்குப் பிறகும் கணக்கில் வராத துவக்குகள் எங்கே இருந்து வருகின்றன, யார் கொடுக்கிறார், யார் கண்ணை மூடுகிறார் என்று கேட்க வேணும். ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாக ஒரு ரிவோல்வர் வாங்கினால், அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமையையும் சேர்த்து விற்றதாக முடியும். அதோடு அந்தச் சந்தைக்கு வாடிக்கையாளரும் நாங்களே.

கப்பம் கேட்டு வருகிற கோலுக்கு என்ன செய்வது? இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. ஆனால் சில விஷயம் சொல்லலாம். கோல் வந்த நேரம், இலக்கம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், ஒலிப்பதிவு இருந்தால் அழிக்காதீர்கள். தனியாகப் பொலிஸுக்குப் போகப் பயம் என்றால், அதே தெருவில் அதே கோல் வந்த மற்றவர்களோடு சேர்ந்து, ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். உள்ளூர் நிலையத்தில் நம்பிக்கை இல்லை என்றால் மேலதிகாரிக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள். வர்த்தகச் சங்கங்கள் கோயில் திருவிழா உபயத்துக்குச் சேருகிற மாதிரி இதற்கும் சேர வேணும். மெதுவான வழிதான். ஆனால் இந்த வழியில் போகிறவர் குற்றவாளிக் கூண்டில் போய் நிற்கமாட்டார்.

ஆகவே கேட்ட விலை பெறுமா என்றால், என் பதில் இது. தேய்மானத்தைப் பார்க்க வழியில்லை. மூலத்தைத் தெரிந்துகொள்ள வழியில்லை. விற்கிறவர் விற்பதற்கு உங்களுக்கு நல்லதாக ஒரு காரணமும் இருக்காது. வாங்கினால் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. இப்படி ஒரு கியர் பொக்ஸ் வந்தால் பஞ்சிகாவத்தையில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். விலையைப் பாதியாகக் குறைத்தாலும், சும்மா தந்தாலும் அதே பதில்தான். யாராவது உங்களிடம் "பழசுதான், நல்ல கண்டிஷன்" என்று சொன்னால் பேரம் பேசத் தொடங்காதீர்கள். விலை என்ன என்றுகூடக் கேட்காமல் எழும்பி வந்துவிடுங்கள்.